போன வார்த்தைகள் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம்

சகோதரி, பையனுக்கு ரெண்டேகால் வயசு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு சொன்ன 'அம்மா', 'தா' கூட நின்றுபோச்சு, மாமியாரோ 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தாமதமாகப் பேசுவது வேறு, பேசிய சொல் மறைவது வேறு. இதைத் தள்ளிப்போடவே கூடாது.

முதலில் காது. டிவி சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடலாம்.

அடுத்து, மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (DEIC) எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைச் சீக்கிரமே பரிசோதித்துப் பயிற்சி தரும் இடம் அது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வரும் மையம், கட்டணம் கிடையாது. இது ஆட்டிசமா (பிறரோடு பேசிப் பழகுவதைப் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு) இல்லையா என்று முடிவாகும் வரை பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் இன்றைக்கே ஒன்று செய்யலாம். பிஸ்கட் டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அவன் கேட்க வரும்போது அவன் உயரத்துக்குக் குனிந்து, மனசுக்குள் பத்து எண்ணும் வரை பொறுங்கள். உங்களைப் பார்த்தாலோ கை நீட்டினாலோ 'பிஸ்கட்' என்று ஒரே சொல் சொல்லி உடனே கொடுங்கள். 'சொல்லு, சொன்னாத்தான் தருவேன்' என்று அழவிடாதீர்கள்.

எங்களிடம் 'கொஞ்ச நாள் பாருங்க' என்று ஒரு டாக்டர் சொன்னதில் எட்டு மாதம் போனது. அது இன்னும் எனக்கு வலிக்கிறது. என் மகள் முதலில் கற்றது சொல் இல்லை, மொட்டை மாடியில் நிலாவைச் சுட்டிக்காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

காது ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.