எழுத்தின் ஓரப்பட்டையும் உங்கள் மகனின் படிப்பும்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு முடித்த மகன் பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோ படிக்க விரும்புவதாகவும், "கடைப் பெயர்ப்பலகையில் எழுத்தைச் சுற்றி ஒட்டும் பட்டையைச் செய்வதற்கு ஒரு படிப்பா?" என்று வீட்டார் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டையின் வரலாற்றையே பார்ப்போம்.

1910இல் பாரிஸில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் கிளாட், வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒளிரும் நியான் விளக்கைக் காட்டினார். 1933இல் ஜெர்மனியில் 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரில் வந்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கான அக்ரிலிக் தகடு, உலகப்போரில் விமான மேற்கூடுகளுக்குப் பயன்பட்டு, போருக்குப் பின் அமெரிக்கப் பெயர்ப்பலகைகளில் இடம்பிடித்தது. பெட்டிபோல் உட்குழிவான உலோக எழுத்துக்குள் நியான் குழாயை வைத்து, முகம் எனப்படும் முன்பக்கத்தை வண்ண அக்ரிலிக்கால் மூடினார்கள். ஆனால் வெயிலில் அக்ரிலிக், பெட்டியின் அலுமினியம் விரிவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். அந்த விரிவுக்கு இடம்விட்டு, வெட்டு விளிம்பை மறைத்து, ஒளி கசியாமல் தடுத்து, பழுது பார்க்க முகத்தைக் கழற்றவும் வசதி தருவது 'டிரிம் கேப்' எனும் ஓரப்பட்டை.

அதற்குப் பெரிதும் பயன்பட்டது செல்லுலோஸ் அசிட்டேட் பியூட்டிரேட். மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து உருவாகும் இந்தப் பிளாஸ்டிக் வெயிலைத் தாங்கும், எழுத்தின் வளைவுகளில் உடையாமல் வளையும், கரைப்பான் பசையால் அக்ரிலிக்கோடு ஒன்றாகும். சூடாக்கினால் மட்டும் கெட்டுப்போன வெண்ணெய்போல நாறும். பிளாஸ்டிக் குருணைகளை உருக்கி, திருகுத் தண்டால் 'டை' எனும் வடிவத் துளையுள்ள அச்சின் வழியே தள்ளி, குளிர்வித்து, சுருளாகச் சுற்றும் எக்ஸ்ட்ரூஷன் முறையில்தான் இது உருவாகிறது. டையின் வடிவத்தோடு, வெப்பமும் இழுக்கும் வேகமும் சிறிது பிசகினாலும் பட்டை முகத்தில் பொருந்தாது என்பதால், இதை எளிய வேலையாகக் கருத நான் உடன்படமாட்டேன்.

எல்இடி வந்தபின் எழுத்துகள் மெலிந்தன. ஓரப்பட்டையே இல்லாத எழுத்துகளும் பெருகின. பட்டையை ஒட்ட மட்டுமே கற்றவருக்கு இது பேரிடி. எக்ஸ்ட்ரூஷனைக் கற்றவரோ அதே அறிவோடு குழாய், சன்னல் சட்டம், மின்கம்பி உறை என எங்கும் செல்லலாம். ஆகவே மகன் எந்தப் பொருளைச் செய்வான் என்பதைவிட, எந்தச் செய்முறையைக் கற்பான் என்பதையே கேளுங்கள்.

1968இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சென்னை கிண்டி சிப்பெட்டில் பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ உண்டு. எக்ஸ்ட்ரூஷன் இயந்திரத்தில் மாணவர் தாமே வேலை செய்யும் நேரம் எவ்வளவு என்று அங்கே நேரில் விசாரியுங்கள். வேதியியலை அவன் வெறுத்தால் வற்புறுத்த வேண்டாம். விண்ணப்பிக்கும் முன், தெரிந்தவர் மூலம் அனுமதி பெற்று, ஒரு பிளாஸ்டிக் குழாய் ஆலையில் அரைநாளாவது அவனை நிற்கவையுங்கள். அந்த வெக்கையையும் வாசனையையும் கண்டபின் அவனே முடிவைச் சொல்லட்டும்.