கடையில் வாங்கலாம், கிரீன் கார்டில் சிக்கும்: அமெரிக்கக் கஞ்சா சட்டங்கள், கேள்வி பதில்

அமெரிக்காவில் 24 மாநிலங்களில் 21 வயது நிரம்பியவர் மருத்துவக் காரணம் எதுவும் சொல்லாமலே கஞ்சா வைத்திருக்கலாம், பெரும்பாலானவற்றில் கடையிலும் வாங்கலாம். ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுமைக்குமான மத்திய அரசின் சட்டம், அதை இன்னும் குற்றம் என்கிறது. குடியுரிமை பெற்றவருக்கு இந்த முரண்பாட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவருக்கு ஊர் திரும்பும் டிக்கெட்டாகவே முடியலாம். அதனால் அவர்களின் கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, போர்டு மாட்டி விற்கிறார்கள். இது எப்படிக் குற்றமாகும்?

உங்கள் தலைக்கு மேல் இரண்டு அரசுகள், இரண்டு தண்டனைச் சட்டங்கள். 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய பிரேரணை 64, 28.5 கிராம் வரை கஞ்சா வைத்திருப்பதற்கான தண்டனையை மாநிலச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஃபெடரல் சட்டத்தில் கைவைக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை. 1970-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. வீட்டிலேயே வளர்த்து மருந்தாகப் பயன்படுத்தினாலும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2005-இல் கொன்சாலஸ் எதிர் ரைச் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் கடைகளை ஏன் மூடவில்லை? ஃபெடரல் சட்டத்தை அமல்படுத்தும்படி மாநிலப் போலீசுக்கு வாஷிங்டன் உத்தரவிட முடியாது. தன் ஆட்களை மட்டும் வைத்து எல்லாக் கடைகளையும் மூடவும் முடியாது. மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் தலையிட, ஃபெடரல் வழக்குகளைப் போடும் அரசுத் துறையான நீதித்துறை பணம் செலவிடக் கூடாது என்று 2014 டிசம்பர் முதல் பட்ஜெட்டில் ஒரு நிபந்தனையும் உண்டு. இதெல்லாம் வழக்குப் போடுவதைத்தான் தடுக்கிறது. குடிவரவு அதிகாரி வழக்குப் போடுவதில்லை. ஃபெடரல் சட்டத்தை மீறினீர்களா என்று மட்டும் பார்ப்பார்.

கேள்வி: ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். சான் ஹோசேயில் கடையில் வாங்கி இரண்டு முறை கம்மீஸ் (கஞ்சா கலந்த மிட்டாய்) சாப்பிட்டிருக்கிறேன். கேஸ் எதுவும் இல்லை. போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதுவதா, இல்லை என்றா?

இரண்டில் எதையும் இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்து ஒரு மணி நேரம் பேசுங்கள்.

காரணம் இது. போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் குற்றத்தின் கூறுகளை நீங்களே ஒப்புக்கொண்டாலும் அனுமதி மறுக்கலாம் என்கிறது குடிவரவுச் சட்டம். 'சாப்பிட்டேன்' என்றால் 'கையில் வைத்திருந்தேன்' என்றுதான் பொருள், வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். ஆனால் வாய்தவறிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சட்டப்படி ஒப்புதல் ஆகிவிடாது. குற்றத்தின் வரையறையைப் புரியும்படி அதிகாரி விளக்கியிருக்க வேண்டும், நீங்கள் விருப்பத்தோடு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இந்த நுணுக்கத்தை வைத்து வாதாட வழக்கறிஞரால் முடியும், தனியாக உட்கார்ந்திருக்கும் உங்களால் முடியாது.

பொய் எழுதுவது அதைவிட மோசம். முக்கியமான தகவலை மறைத்தது தெரிந்தால் அது மோசடி, அதன் தடை வாழ்நாள் முழுக்க நீளலாம். கடை ரசீதும், இன்ஸ்டாகிராம் படமும், நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அழிவதில்லை.

மருத்துவப் பரிசோதனையிலும், அதாவது ஐ-693 படிவத்திலும், இதே கேள்வி வரும். பயன்பாட்டுக் கோளாறு என்று டாக்டர் குறித்தால், நிறுத்தி 12 மாதம் ஆகும் வரை விண்ணப்பம் நகராது. இனி தொடாமல் இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு.

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். பல வருடம் முன்பு 10 கிராம் வைத்திருந்ததாக ஒரு வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, வகுப்புக்குப் போய், நீதிமன்றமே தள்ளுபடி செய்துவிட்டது. சென்னை போய்வரலாமா?

டிக்கெட் போடாதீர்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்காக வகுப்போ அபராதமோ கண்காணிப்போ விதிக்கப்பட்டிருந்தால், பின்னால் தள்ளுபடி ஆனாலும் குடிவரவுச் சட்டத்தில் அது தண்டனைதான். பதிவை அழித்தாலும் பெரும்பாலும் அப்படியே. ஒப்புக்கொள்வதற்கு முன்பே அந்த வகுப்புத் திட்டத்தில் சேர்த்திருந்தால் கதை வேறு. ஆகவே நீதிமன்ற எழுத்தரிடம் முழு ஆவணத்தின் சான்றிட்ட நகலை முதலில் வாங்குங்கள்.

பலர் விழும் பள்ளம் இங்கேதான். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்கு மிகாமல் வைத்திருந்த ஒரே ஒரு குற்றத்துக்காக நாடுகடத்த முடியாது என்று விலக்கு உண்டு. அந்த விலக்கு உள்ளே இருப்பவருக்கு. வெளியே போய்த் திரும்பினால் புதிதாக அனுமதி கேட்பவராக நடத்தலாம், அங்கே அந்த விலக்கு இல்லை. குடிவரவுச் சட்டத்தின் 212(ஹெச்) பிரிவில் மன்னிப்புக் கேட்டு மனுச் செய்யலாம், ஆனால் தருவது அவர்கள் விருப்பம். இதையெல்லாம் கிளம்பும் முன் தீர்க்க வேண்டும், விமான நிலையத்தில் அல்ல.

இப்போது வழக்கு நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்பதை உங்கள் கிரிமினல் வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும். இது 2010-இன் படியா எதிர் கென்டக்கி தீர்ப்பு. கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: டென்வரிலிருந்து டல்லாஸுக்குக் காரில் வருகிறோம். சீல் பிரிக்காத ஒரு பாக்கெட் கம்மீஸ் கொண்டுவந்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். மாநில எல்லையைத் தாண்டுவதே ஃபெடரல் குற்றம், இரண்டு பக்கமும் அனுமதித்த மாநிலங்களாக இருந்தாலும். டெக்ஸாஸில் 2 அவுன்ஸ் வரை இலையாக வைத்திருந்தால் அது சிறுகுற்றம். அதையே டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) சாறாகவோ மிட்டாயாகவோ வைத்திருந்தால் 1 கிராமுக்குக் கீழேகூட பெருங்குற்றம். எடை போடும்போது சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேரும். பாக்கெட் 4 கிராமைத் தொட்டால் 2 முதல் 20 வருடம் வரை சிறை விதிக்கக்கூடிய பிரிவுக்குள் போய்விடும்.

கேள்வி: அம்மாவுக்குக் கீமோதெரபி. குமட்டலால் சாப்பிடவே முடியவில்லை. மருத்துவக் கஞ்சா அட்டை வாங்கலாமா? கிரீன் கார்டில் இருக்கிறார், அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அட்டை வேண்டாம். மாநிலத் திட்டத்தில் டாக்டர் தருவது பரிந்துரை, ஃபெடரல் சட்டம் ஏற்கும் மருந்துச்சீட்டு அல்ல. குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போடும்போது, மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சாப் பயன்பாடு நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை எழுதியே வைத்துவிட்டது.

அம்மா வலியையும் குமட்டலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. புற்றுநோய் மருத்துவரிடம் ட்ரோனாபினால் பற்றிக் கேளுங்கள். கஞ்சாவில் இருக்கும் அதே டிஹெச்சியைச் செயற்கையாகத் தயாரித்த மருந்து. கீமோ குமட்டலுக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் பெற்றது. வழக்கமான மருந்துகள் கேட்காதபோது எழுதுவார்கள். மருந்துச்சீட்டோடு பார்மசியில் வாங்கினால் ஃபெடரல் சட்டத்திலும் குற்றமில்லை. சீட்டின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கஞ்சாக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கஞ்சாவைத் தொடவே போவதில்லை.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் நான் வேண்டாம் என்பேன். கடையில் நேரடியாக வேலை பார்ப்பதைக் கடத்தலுக்கு உடந்தையாகப் பார்க்க இடமுண்டு, குடியுரிமைத் துறையின் அந்த 2019 வழிகாட்டியும் வேலையைச் சேர்த்தே சொல்கிறது. மென்பொருள் அதிலிருந்து ஒரு படி தள்ளி நிற்கிறது, வாதம் வலுவானதுதான். ஆனால் அந்த வாதத்தை உங்கள் குடிவரவு விண்ணப்பத்தை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டே மாட்டக்கூடிய இடம் ஏதாவது?

யோசெமிட்டி. தேசியப் பூங்காக்கள் ஃபெடரல் நிலம், அங்கே ரேஞ்சர் எழுதுவது ஃபெடரல் வழக்கு. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையும் அப்படித்தான்: அவர்கள் கஞ்சாவைத் தேடுவதில்லை, கண்ணில் பட்டால் போலீசைக் கூப்பிடுவார்கள். மாணவர்கள் விடுதி அறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் நிதி வாங்கும் பல்கலைக்கழகம் கஞ்சாவைத் தடைசெய்தே ஆக வேண்டும்.

கேள்வி: கஞ்சாவை அட்டவணை 3-க்கு மாற்றப்போகிறார்களாமே, அதன்பின் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கடைக்காரருக்குப் பெரிய நிம்மதி. வரிச்சட்டத்தின் 280-இ பிரிவு, அட்டவணை 1, 2 பொருட்களை விற்பவருக்கு வாடகை, சம்பளம் எதையும் செலவாகக் கழிக்க விடுவதில்லை. 3-க்குப் போனால் அந்தத் தடை நீங்கும். குடிவரவில் ஒன்றும் மாறாது. அந்தச் சட்டம் அட்டவணை எண்ணைப் பார்ப்பதில்லை, ஐந்து அட்டவணைகளில் எதில் இருந்தாலும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான்.

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு செடி?

நியூ ஜெர்சியில் கடையில் வாங்கலாம், வீட்டில் ஒரு செடிகூட வளர்க்க முடியாது. இங்கே மாநிலச் சட்டப்படியே அது குற்றம்.