ஜன்னலை மாற்றினேன், கவுன்சில் நோட்டீஸ் அனுப்பிவிட்டது

லண்டனில் கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது பழைய தோற்றத்தைக் காப்பதற்கென்று ஒதுக்கிய பகுதிக்குள், விக்டோரியா காலத்து வீடு வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். 2024 செப்டம்பரில் பழைய மர ஜன்னல்களை முன்னும் பின்னும் கழற்றிவிட்டு யூபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் போட்டாராம். இப்போது கவுன்சிலிடமிருந்து, அனுமதியில்லாமல் செய்ததைச் சரிசெய்யச் சொல்லும் என்போர்ஸ்மென்ட் நோட்டீஸ். போட்டுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்தான், அதே தெருவில் இன்னும் பல வீடுகளில் பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கிறது, எங்களை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று நீளமான கடிதம்.

இவ்வளவு எழுதியவர் நோட்டீஸ் எந்தத் தேதியில் அமலுக்கு வருகிறது என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

யார் புகார் கொடுத்தார் என்பது வழக்கில் எங்கேயும் வராது. மற்ற வீடுகளில், ஜன்னல் மாற்றுவது போன்ற வேலைக்கும் அனுமதி வாங்க வைக்கும் ஆர்ட்டிகிள் 4 உத்தரவு வருவதற்கு முன்பே மாற்றியிருக்கலாம், அல்லது கவுன்சில் இன்னும் கவனிக்காமல் இருக்கலாம், எப்படியானாலும் அது உங்களுக்குப் பெரிய கேடயம் ஆகாது. அந்த உத்தரவு உங்கள் வீட்டுக்கு உண்டா, முன்பக்கத்துக்கு மட்டுமா என்று இன்றே பாருங்கள். கவுன்சில் நடவடிக்கை எடுக்காமல் நாலு வருடம் தள்ளினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், 25 ஏப்ரல் 2024க்குப் பிறகு முடிந்த வேலைக்கு இங்கிலாந்தில் அது பத்து வருடம்.

சரி, தேதிக்கு வருவோம். நோட்டீஸ் கொடுத்து குறைந்தது 28 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும், அப்பீல் அதற்கு முன்னால் போயாக வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் விழுகிற குழி இதுதான்: அதிகாரிக்கு மன்னிப்புக் கடிதம், கவுன்சிலருக்கு போன், எம்பிக்கு மின்னஞ்சல், "பார்க்கலாம், கவலைப்படாதீர்கள்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள் என்ற நம்பிக்கை, இப்படியே நாள் ஓடி, தேதி தாண்டிய மறுநாள் கோப்போடு வந்து உட்காருவார்கள். அப்போது செய்வதற்கு எனக்கும் அதிகம் இருக்காது. தேதி போனால் நோட்டீஸ் அப்படியே உறுதியாகிவிடும், கொடுத்த கெடுவுக்குள் செய்யாவிட்டால் அது குற்றம், அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வீட்டை விற்கப் போனாலும் வாங்குகிறவரின் வக்கீல் கவுன்சில் பதிவுகளில் செய்யும் தேடுதலில் அது வந்து நிற்கும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் கடிகாரம் நிற்காது. அப்பீல் போட்டால்தான் நோட்டீஸ் நிறுத்தி வைக்கப்படும்.

அதனால் முதலில் அப்பீல், அப்புறம் பேச்சு. ஜெயிப்பதற்காக அல்ல, பேச நேரம் கிடைப்பதற்காக. கன்சர்வேஷன் ஏரியாக்களுக்கான 1990ஆம் வருடச் சட்டமே அந்தப் பகுதியின் தன்மையையும் தோற்றத்தையும் காப்பதில் தனிக் கவனம் வேண்டும் என்கிறது, தெருவைப் பார்க்கும் பிளாஸ்டிக் ஜன்னலுக்காக அதோடு மோதுவது எனக்குப் பணத்தை எரிப்பதாகத்தான் தோன்றுகிறது. முன்பக்கத்தை மரத்துக்கே மாற்றுகிறேன், பின்பக்கத்தை விட்டுவிடுங்கள், எனக்கு ஒரு வருடம் கொடுங்கள் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் நோட்டீஸையே எழுத்தில் திருத்தித் தரச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை அப்பீலை வாபஸ் வாங்காதீர்கள், தச்சருக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள்.