பில் எவன்ஸ் மூவர் குழு பழைய பாடல்களை வாசித்ததில் என்ன புதுமை?

எல்லோரும் அறிந்த பழைய பாடல்களையே, அவற்றிலும் பெரும்பாலும் அமெரிக்கப் பாடல்களையே, வாசித்த பியானோ கலைஞர் பில் எவன்ஸின் குழுவை ஜாஸ் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாடல் பழகியதாக இருப்பதே இங்கு வசதி. நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்ட அப்பாடல்களில் பல 32 பார்களில் (தாளச் சுற்றுகளில்) அடங்குபவை. மெட்டை ஒருமுறை வாசித்தபின், அதன் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) வரிசை மீண்டும் மீண்டும் சுழல, அதன்மேல் கலைஞர்கள் அந்தக் கணத்திலேயே புதிய மெட்டுகளைக் கற்பனை செய்கிறார்கள்.

எவன்ஸ் மாற்றியது மூவருக்கும் இடையிலான உறவை. பல குழுக்களில் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பெரிய தந்திக் கருவியான பாஸ் சீராக நடைபோடும், டிரம்ஸ் தாளம் காக்கும், பியானோ மட்டுமே பேசும். 1959இல் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோவும் டிரம்ஸ் கலைஞர் பால் மோஷியனும் சேர்ந்த பிறகு, எவன்ஸ் தம் இடக்கையில் கார்டுக்கு ஆதாரமான அடிச்சுரத்தைப் பெரும்பாலும் தவிர்த்து வாசித்ததால் உண்டான வெளியில், லஃபாரோ பியானோவுக்கு மறுமொழி சொல்லும் மெட்டுகளை வாசித்தார். அவ்வாண்டு டிசம்பரில் பதிவான 'ஆட்டம் லீவ்ஸ்' பாடலில், தொடக்க மெட்டு முடிந்ததும் பியானோவும் பாஸும் மாறி மாறி உரையாடுவதைக் கேட்கலாம்; யாரும் தாளத்தை அழுத்திச் சொல்வதில்லை, ஆயினும் அது மூவருக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இக்குழுவின் உச்சம், 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் பதிவான 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. 1949ஆம் ஆண்டுத் திரைப்படப் பாடலான அதில் எவன்ஸ் மூல மெட்டைவிட்டு அதிகம் விலகுவதேயில்லை. சுரங்களின் இடைவெளியும் மோஷியனின் டிரம்ஸை வருடும் மெல்லிய பிரஷ் ஒலியுமே அதற்குப் புதிய பொருள் தருகின்றன. அடுத்த 11 நாள்களில் லஃபாரோ, தம் 25ஆம் வயதில், கார் விபத்தில் இறந்தார்.