ஐஸ் தண்ணீரில் ஒரு முகம்

கேள்வி: கறுப்பின மக்களின் மனநலத்தைப் பேசும் படம் என்று நண்பர் சொன்னதால் ‘மூன்லைட்’ பார்த்தேன். அந்தப் பையன் வாயே திறப்பதில்லை. டாக்டர் கிடையாது, மாத்திரை கிடையாது, மனச்சோர்வு என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. இது எப்படி மனநலப் படம்?

பதில்: ஐஸ் வரும் இடங்களை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில், மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் வளரும் அந்தப் பையன் ஷிரோன், பள்ளியில் அடிவாங்கி வந்து, தொட்டியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி அதில் முகத்தை அமிழ்த்துகிறான். அப்புறம் பல வருஷம் ஓடிவிடுகிறது. ஆள் கட்டுமஸ்தாக, பல்லில் தங்கக் கவசம் மாட்டிக்கொண்டு, பார்த்தாலே யாரும் ஒதுங்கிப் போகிற தோற்றத்தில் இருக்கிறான். ஆனால் ராத்திரி கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு எழுந்தால் அவன் போய் நிற்பது அதே மாதிரி ஒரு தொட்டி முன்னால்தான், அதே ஐஸ், அதே முகம். அடிபட்ட காயம் என்றோ ஆறிவிட்டது, எரிச்சல் மட்டும் ஆறவில்லை. இதை வசனத்தில் எழுதியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம்.

ஷிரோனின் மூன்று பருவங்களுக்கு மூன்று நடிகர்கள். படப்பிடிப்பின்போது ஒருவரை ஒருவர் சந்திக்க இயக்குநர் பேரி ஜென்கின்ஸ் விடவில்லை. ஆனாலும் மூன்று பேரின் கண்ணிலும் அதே தயக்கம் இருக்கிறது, எனக்கு இது இன்றும் ஆச்சரியம். சிகிச்சை இல்லை என்கிறீர்கள். சின்ன வயதில் கடலில் மிதக்கச் சொல்லித்தரும்போது, அவன்மேல் அக்கறை காட்டும் ஹுவான் அந்தப் பையனின் தலைக்கு அடியில் கை கொடுத்துத் தாங்குகிறானே, நான் அதைச் சிகிச்சைக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

கேள்வி: சரி, ‘டாக்டரைப் பார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? கறுப்பினக் கலைஞர்கள் ஏன் அந்தப் பேச்சையே தவிர்க்கிறார்கள்?

பதில்: எல்லோரும் தவிர்ப்பதில்லை. ஆனால் நம்பத் தயங்குகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு ‘டிரபெட்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். சவுக்கடியை அதற்கு வைத்தியமாகவும் சொன்னார். விடுதலை வேண்டும் என்ற ஆசைக்கு நோய்ப்பெயர்! பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கும் இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக மருத்துவமனையில் வைக்கப்படுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மூன்று மடங்குக்கு மேல் நடக்கிறது. உள்ளே இருக்கிறதை வாய்விட்டுச் சொன்னால் உதவி வருமா, பூட்டு வருமா என்ற பயம் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1946-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் லஃபார்க் கிளினிக் என்று ஒன்று தொடங்கியது. மனநல மருத்துவர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள், கட்டணம் 25 சென்ட், அதுவும் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அதைத் தொடங்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட். மக்கள் வந்தார்கள். மனிதராக மதித்துக் கேட்கிற இடம் இருந்தால் வருவார்கள் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

கேள்வி: ‘கெட் அவுட்’டையும் இந்த வரிசையில் சொல்கிறார்களே, அது வெறும் திகில் படம்தானே?

பதில்: திகில் எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். கறுப்பின இளைஞன் ஒருவன் தன் வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்குப் போகிறான். அவளுடைய அம்மா ஒரு மனநல மருத்துவர். சிகரெட்டை விடவைக்கிறேன் என்று அவனை எதிரில் உட்காரவைத்து, டீக்கோப்பையில் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டே அவன் அம்மா இறந்த ராத்திரியைப் பற்றிக் கேட்கிறார். அவன் கண்ணீர் வழிகிறது, விரலைக்கூட அசைக்க முடியவில்லை. நம்பிச் சொன்ன துக்கத்தையே கயிறாக்கி அவனைக் கட்டிவிடுகிறார். மேலே சொன்ன பயத்தை இயக்குநர் ஜோர்டன் பீல் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

கேள்வி: ஓவியத்தில் யாரைப் பார்க்கலாம்?

பதில்: அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ரஷீத் ஜான்சன். 2015-ல் நியூயார்க்கின் டிராயிங் சென்டரில் அவர் வைத்த ‘ஆங்ஷஸ் மென்’ வரிசை, அதாவது பதற்றத்தில் இருக்கும் ஆண்கள். குளியலறையில் பதிக்கிற மாதிரி வெள்ளை டைல்ஸ், அதன்மேல் உருக்கி ஊற்றிய கறுப்புச் சோப்பும் மெழுகும், அதில் கீறிக் கீறி எழுப்பிய முகம். கண் இருக்கும் இடத்தில் சுழன்று சுழன்று கிறுக்கியிருப்பார், வாய் இருக்கும் இடத்தில் பல்லைக் கடித்தது மாதிரிக் கட்டம் கட்டமாகக் கோடுகள். அந்தச் சோப்பு மேற்கு ஆப்பிரிக்காவில் சாம்பலும் எண்ணெயும் சேர்த்துச் செய்வது, தோலுக்கு இதம் என்று தேய்த்துக்கொள்வது. ஆற்றுகிற பொருளை எடுத்து, ஆறாத முகத்தை வரைந்திருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கீறலின் அடியிலும் வெள்ளை டைல்ஸ் தெரியும். தான் குடியை விட்ட காலத்தில் வந்த பதற்றத்தைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அப்புறம், 2019-ல் அவர் இயக்கிய முதல் படம் ‘நேட்டிவ் சன்’, அதே ரிச்சர்ட் ரைட் 1940-ல் எழுதிய நாவல்.

கேள்வி: நானே மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருக்கிறேன். இவற்றையெல்லாம் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு ‘கெட் அவுட்’ வேண்டாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ‘மூன்லைட்’டைப் பகலில், பிடித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கனமாக இருந்தால் பாதியில் நிறுத்திவிடுங்கள், படம் எங்கேயும் போகாது. எந்தக் காட்சியில் நிறுத்தினீர்கள் என்று அடுத்த முறை போகும்போது உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.