எஸ்பொசித்தோ: அரிய பெயரா, பிரபுக் குடும்பமா?

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் குடும்பப் பெயரான எஸ்பொசித்தோ அரிதானது, பிரபு வம்சத்தது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இரண்டுமே இல்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு எஸ்பொசித்தோ மேல்தான் விழவேண்டும். 'வெளியே விடப்பட்டவர்' எனப் பொருள்படும் 'எக்ஸ்பொசிட்டுஸ்' என்ற லத்தீன் சொல்லே மூலம். நேப்பிள்ஸின் அன்னுன்ஸியாத்தா எனும் கைவிடப்பட்ட குழந்தைகள் காப்பகத்தின் சுவரில், வெளியே வைத்த குழந்தையை உள்ளே திருப்பும் சுழல்பெட்டி இருந்தது; அதில் விடப்பட்ட குழந்தைகளுக்கு இட்ட பெயர் இது. அந்தப் பெட்டி 1875-ல் மூடப்பட்டது. மிலானில் இத்தகைய குழந்தைகளுக்குக் கொலோம்போ, ரோமில் புரொயெத்தி.

ஆகவே ஒரே ஊரில் இரண்டு எஸ்பொசித்தோ குடும்பங்கள் இருந்தால் உறவு என்று கோத்துவிடாதீர்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். குலச்சின்னம் விற்பவர்களிடம் காசும் கொடுக்காதீர்கள்.

உண்மையான வேரைத் தேட, இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் பழைய பதிவுகளைக் காட்டும் அன்டெனாத்தி இணையதளம் இலவசம். நேப்பிள்ஸ் பகுதியில் குடிமைப் பதிவு (பிறப்பு, திருமணம், இறப்பு பற்றிய அரசுப் பதிவு) 1809-ல் தொடங்குகிறது. முதலில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவைப் பிடியுங்கள். 1865 வரையிலான திருமணங்களுக்கு 'அல்லெகாத்தி' எனும் இணைப்புக் கட்டு தனியாக இருக்கும். மணமக்களின் பிறப்புச் சான்று நகல் அதில் கிடைக்கும். அங்கே 'பெற்றோர் அறியப்படாதவர்' என்றிருந்தால், பரம்பரையின் முதல் ஆள் அவர்தான். அப்படி இல்லையென்றால் அவருடைய தந்தையின் திருமணத்துக்குப் போய் இதையே திரும்பச் செய்யுங்கள்.