கூண்டுக்குள்ளேயே மலம் கழிக்கும் ராஜபாளையம் குட்டி

கேள்வி: ஐயா, வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் 5 ஏக்கரில் முருங்கையும் தக்காளியும் வைத்திருக்கிறேன். 18 வெள்ளாடு, கறவை மாடு இரண்டு. பட்டியில் ஆடு களவு போனதால் காவலுக்கு ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். டவுனில் நாய் விற்கிற ஒருவர் இரும்புக் கூண்டும் சேர்த்து 14,000 ரூபாய்க்குக் கொடுத்தார். வாங்கும்போது குட்டிக்கு 32 நாள், இப்போது இரண்டரை மாதம். கூண்டு 4 அடிக்கு 3 அடி, அடியில் கம்பி வலை, அதன் கீழே தட்டு. இரவு 8 மணிக்குப் பால் சோறு வைத்து அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பேன். தினமும் உள்ளேயே மலம், மூத்திரம், அதன் மேலேயே படுத்துக் கிடக்கிறது. சில நாள் தின்றும் விடுகிறது. மூக்கைத் தேய்த்துப் பார்த்தேன், இரண்டு அடியும் கொடுத்தேன். பினாயில் போட்டுக் கழுவுகிறோம், கழுவின தண்ணீர் தீவனப்புல் பாத்திக்குப் போகிறது. இடம் பழக்குகிற ஸ்ப்ரே என்று 450 ரூபாய்க்கு ஒன்று கொடுத்தார், பலன் இல்லை. பெரிய கூண்டு வாங்கவா? வேறு நல்ல ஸ்ப்ரே இருக்கிறதா? குட்டியை மாற்றித் தருகிறேன் என்கிறார், மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, குட்டியை மாற்றாதீர்கள். அதே கையிலிருந்து வரும் அடுத்த குட்டியும் இதையேதான் செய்யும். பெரிய கூண்டு வேண்டாம். ஸ்ப்ரேயும் வேண்டாம்.

இரண்டரை மாதக் குட்டி பகலில் மூன்று மணி நேரம் மூத்திரத்தை அடக்கினாலே பெரிது. தூக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நீங்கள் வயிறு நிறையப் பால் சோறு போட்டு, கையோடு அடைத்து, பத்து மணி நேரம் கழித்துத் திறக்கிறீர்கள். தின்ற கால்மணி, அரைமணிக்குள் குடல் இளகி மலம் வருவது குட்டிகளின் உடல் அமைப்பு. அந்த நேரத்தில் அது கூண்டுக்குள் இருக்கிறது. அடித்தாலும் திட்டினாலும் மூத்திரப்பை பெரிதாகிவிடாது. மூக்கைத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். மலம் கழித்தால் ஆபத்து என்றுதான் குட்டி அதிலிருந்து கற்றுக்கொள்ளும். பிறகு உங்கள் கண்ணெதிரே போகவே போகாது, மறைவில் போகும். அடிக்குப் பயந்து மலத்தைத் தின்று தடயத்தை மறைக்கும் குட்டிகளும் உண்டு.

இன்று இரவு முதல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரவுத் தீனியை 6 மணிக்கே முடித்துவிடுங்கள். பகலில் மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பசும்பாலை அடியோடு நிறுத்துங்கள். பால்மறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, கழிச்சலாகத்தான் போகும். இளகிப் போகும் மலத்தை வளர்ந்த நாயாலேயே அடக்க முடியாது. தயிர்ச் சோறு, கேழ்வரகுக் களி, வேகவைத்த முட்டை, வேகவைத்த கோழி என்று மாற்றுங்கள். மலம் கெட்டியானாலே பாதித் தொல்லை குறைந்துவிடும்.

கூண்டைத் தூக்கிவந்து உங்கள் கட்டிலோரம் வையுங்கள். நடுவில் ஒரு பலகை வைத்து மறித்துவிடுங்கள். குட்டி எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். 4 அடிக்கு 3 அடி என்றால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கழிப்பிடம் என்றாகிவிடுகிறது. அடியிலுள்ள கம்பி வலையை மறைத்து வழவழப்பான பலகை ஒன்றைப் போடுங்கள். சாக்கு, பழைய துணி எதுவும் இப்போதைக்கு வேண்டாம், அவை மூத்திரத்தை உறிஞ்சிக்கொண்டு குட்டிக்குச் சௌகரியம் செய்துகொடுக்கும். தூங்கப் போகும் முன் ஒரு தடவை, நடு இரவில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை கழுத்தில் கயிறு போட்டு வெளியே கூட்டிப் போங்கள். முனகினால் உடனே எழுந்திருங்கள். கட்டிலோரம் வைக்கச் சொல்வதே அந்த முனகல் உங்கள் காதில் விழவேண்டும் என்பதற்குத்தான். பகலில் தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் அதே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். போய் முடித்த அந்த நொடியே ஒரு துண்டு கறியோ கருவாடோ கையில் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று குட்டிக்குத் தெரியாது.

சரி, இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். கடிதத்தில் என்னை உறுத்தியது ‘32 நாள்’ என்ற ஒரு சொல்.

நாய்க்குட்டி பிறந்து முதல் மூன்று வாரம் தானாக மலம் கழிக்காது. தாய் அடிவயிற்றை நக்கி விட்டால்தான் போகும், அதையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். அதனால் படுக்கை வாடையில்லாமல் இருக்கும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு கால் ஊன்றியதும் குட்டிகள் தள்ளாடியபடி படுக்கையை விட்டு விலகிப் போய் மூத்திரம் பெய்யத் தொடங்கும். யாரும் சொல்லித் தருவதில்லை. ஐந்தாவது வாரம் முதல் ஒன்பதாவது வாரம் வரைக்கும் எந்தத் தரையில் போவது என்ற பழக்கம் ஊறுகிறது. மண்ணில் போன குட்டி மண்ணைத் தேடும், புல்லில் போனது புல்லைத் தேடும். படுக்கும் இடத்திலேயே போகும்படி அடைத்து வைக்கப்பட்ட குட்டி, படுக்கும் இடத்தையே தேடும். உங்கள் குட்டி இந்த நாட்களைத் தாயில்லாமல், கம்பி வலை மேல் கழித்திருக்கிறது. கூண்டு வைத்துப் பழக்கும் முறை முழுக்க, படுக்கையை அசுத்தம் செய்யக் கூசும் அந்த இயல்பை நம்பியிருப்பது. அந்தக் கூச்சத்தை அழித்துவிட்டு, அதை நம்பி வேலை செய்யும் சாமானையும் சேர்த்து விற்றிருக்கிறார் அந்த வியாபாரி.

இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். 30 நாளில் குட்டியைப் பிரித்து விற்பவர்கள் யாருக்கும் உங்கள் தோட்டத்தைப் பற்றியோ ராஜபாளையம் இனத்தைப் பற்றியோ அக்கறை கிடையாது. அந்த வயதில் குட்டி பஞ்சு போல அழகாக இருக்கும், பார்த்தவுடன் பணத்தை எடுத்து நீட்டுவோம். நான்கு வாரத்துக்கு மேல் தீனிச் செலவு கூடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும், அந்தச் செலவும் உங்கள் தலையில். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கி, பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய் தாக்கும்போது குட்டி உங்கள் வீட்டில் சாகும், அவர் கடையில் சாகாது. இதற்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், பில் கேளுங்கள், எத்தனை பேர் மழுப்புகிறார்கள் என்று தெரியும்.

எந்தச் சாதிக் குட்டியானாலும் 56 நாள் தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். கடித்தால் வலிக்கும் என்பதைக்கூடக் கூடப் பிறந்த குட்டிகளிடம்தான் அது கற்கிறது. அடுத்து யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோவில்பட்டி வட்டாரங்களில் வீட்டு முற்றத்தில் ஈன்று வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அங்கே நேரில் போகச் சொல்லுங்கள். போனால் குட்டியின் முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதன் காலடியைப் பார்க்க வேண்டும். மண் தரையா, படுக்கை ஓரிடம் கழிப்பிடம் ஓரிடமாகப் பிரிந்திருக்கிறதா, தாய் பக்கத்தில் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி எடுக்கக் கூடாது.

ராஜபாளையத்துக்கு இன்னொன்றும் உண்டு. முழு வெள்ளையில் வரும் இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன. குட்டி தூங்கும்போது, அதன் உடம்பில் காற்றோ அதிர்வோ படாத தூரத்தில் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். காது அசையாவிட்டால் கூப்பிட்டுப் பழக்க முடியாது, கை ஜாடை காட்டித்தான் பழக்க வேண்டும். காவலுக்கு வாங்கியவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கூண்டில் அடைத்து வளர்த்தால்தான் நாய்க்குக் கோபம் வரும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கூண்டில் வளர்ந்த நாய்க்கு வருவது பயம். பயந்த நாய் பால்காரரையும் பேரப்பிள்ளையையும் கடிக்கும், ஆடு திருட வருபவன் பிஸ்கட் நீட்டினால் சும்மா இருக்கும். மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி பார்க்கிற ஆடு, மாடு, ஆள், டிராக்டர் சத்தம் எல்லாம் அதற்குப் பழகிப்போகும். உங்களுக்கு மிச்சம் இருப்பது சில வாரங்கள்தான். பகலில் கூட இருந்து பட்டிக்குள் நடத்துங்கள். தடுப்பூசி முடியும் வரை தெருநாய் நடமாடும் ரோட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது தீவனப்புல் பாத்தி. கூண்டைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. நாய் மலம் கலந்த தண்ணீர் தீவனத்துக்குப் போகவே கூடாது. நியோஸ்போரா என்று ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. மாட்டுக்கு அதைப் பரப்புவது நாய் என்பது 1998-ல்தான் தெளிவானது. நாய் மலத்தில் வெளியேறி, புல்லோடு மாட்டின் வயிற்றுக்குப் போனால், ஐந்து ஆறு மாதச் சினையில் மாடு கன்று வீசிவிடக்கூடும். வந்த மாட்டுக்கு மருந்து கிடையாது, பிறக்கும் கன்றுக்கும் அது தொடரும். நாய்க்கு இது பெரும்பாலும் கன்று வீசிய கழிவு, இளங்கொடி, பச்சை மாமிசம் தின்பதால் வருகிறது. இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் உயரக் கட்டும் வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். ஆட்டுக்கும் ஆபத்து உண்டு. பச்சை ஆட்டுத்தலை தின்ற நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டை, புல் வழியாக ஆட்டுக்குப் போய் மூளையில் நீர்க்கட்டியாகும். தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இது ஒரு காரணம். நாய்க்குப் பச்சைத் தலை, குடல், ஈரல் போடாதீர்கள். கழுவும் தண்ணீரைத் தனியாக ஒரு குழிக்குத் திருப்புங்கள்.

ஆகவே குட்டியைப் பழக்கப் போகும் இடத்தை இப்போதே யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வைக்கோல் போர், தீவனப் பாத்தி, குடிதண்ணீர்த் தொட்டி, குழந்தைகள் விளையாடும் இடம் நான்கிலிருந்தும் தள்ளி, வேலியோரம் வெறும் மண் தரையாகப் பாருங்கள். முதல் நாட்களில் அதன் மலத்தில் ஒரு துண்டை அங்கேயே விட்டு வையுங்கள், வாடை குட்டியை இழுக்கும். பிறகு தினமும் எடுத்துப் புதையுங்கள். நாய்க்குட்டி மலத்திலிருக்கும் உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஊறிக் கிடந்து குழந்தைகளுக்குப் போகும், கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறும்.

கூண்டுக்குப் பினாயில் வேண்டாம். நக்கினால் குட்டிக்கு விஷம், மூத்திர வாடையையும் அது போக்காது, மூடித்தான் வைக்கும். குட்டியின் மூக்குக்கு அடியிலிருக்கும் வாடை தெரிந்துகொண்டே இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் அலசி, நல்ல வெயிலில் காய வையுங்கள். பிளீச்சிங் பவுடரை மூத்திரம் இருக்கும்போது கொட்டாதீர்கள், மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். அந்த ஸ்ப்ரேயைப் பற்றி இரண்டு சொல்: வாடை காட்டுகிற ஸ்ப்ரே எதுவும் நடு இரவில் எழுந்து கயிறு பிடிக்கிற மனிதனின் வேலையைச் செய்யாது. அந்த 450 ரூபாய்க்குக் குடற்புழு மருந்து வாங்கியிருக்கலாம்.

குடற்புழு நீக்கம் இரண்டாவது வாரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். தாயிடமிருந்தே, கருவிலும் பாலிலும், புழு குட்டிக்கு வந்துவிடுகிறது. உங்கள் குட்டிக்கு ஒரு தடவைகூடக் கொடுத்த மாதிரி தெரியவில்லை. மலம் தின்பதற்கும் புழு ஒரு காரணமாக இருக்கலாம். ஆட்டுக்கு வாங்கிய அல்பெண்டசோலை அளவு குறைத்து ஊற்றுவது, ஐவர்மெக்டின் ஊசியைக் கண்மதிப்பில் போடுவது, இந்த இரண்டையும் செய்யாதீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கொஞ்சம் மலத்தையும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் எந்தப் புழு என்று பார்த்து மருந்து தருவார்கள். பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசியை அன்றே ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடுங்கள். மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் ஊசி.

விடாமல் செய்தால் மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் தெரியும். தாயிடம் எட்டு வாரம் இருந்த குட்டியைவிட உங்களுடையதற்கு நாள் கூடப் பிடிக்கும், அதற்காகக் கோபப்படாதீர்கள். தூங்கும்போதே மூத்திரம் சொட்டினாலோ, சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, அது பழக்கக் கோளாறு இல்லை. மூத்திரப்பையைப் பரிசோதிக்க வேண்டும். வாந்தியோடு ரத்தம் கலந்து நாறும் கழிச்சல் வந்தால் மறுநாள் வரை பார்க்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.